ஒரே திரையில் பல ஒளிபரப்புகள்: மல்டிவியூவர் அமைக்கும் முறை

1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி தில்லியில் நம் நாட்டின் முதல் தொலைக்காட்சி ஒளிபரப்பு சோதனை முறையில் தொடங்கிற்று. ஒரே நிலையம், ஒரே ஒளிபரப்பு. அது செவ்வனே வெளிச்செல்கின்றதா என்று அறிய ஒரு டெலிவிஷன் பெட்டியும், அதன் முன் அமர ஓர் என்ஜினீயரும் இருந்தால் போதும். 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளின் வழியாக ஆறு மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்ட காலத்திலும் காட்சி ஒன்றாகவே இருந்தது.

இன்றைய நிலை வேறு. 2017 ஜூலையில் தொடங்கப்பட்ட சுவயம் பிரபா, கல்விக்கென்றே முப்பதுக்கு மேற்பட்ட அலைவரிசைகளைக் கொண்டது. வகுப்புக்கு ஓர் அலைவரிசை என்று பன்னிரண்டாக இருந்த பி.எம். ஈ-வித்யா அலைவரிசைகளை 200 ஆகப் பெருக்குவதென 2022-ஆம் ஆண்டின் மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. இவை காந்திநகரிலுள்ள பாஸ்கராசார்யா தேசிய நிறுவனத்திலிருந்து செயற்கைக்கோளுக்கு ஏற்றப்பெற்று, இரவும் பகலும் வீடுகளையும் பள்ளிகளையும் சென்றடைகின்றன.

ஒரு கல்வி அலைவரிசையில் பாடத்தின் நடுவே படம் அப்படியே நின்றுவிட்டது என்றோ, ஆசிரியர் வாயசைப்பது தெரிந்தும் குரல் வரவில்லை என்றோ வைத்துக்கொள்வோம். திரைப்படமோ கிரிக்கெட் ஆட்டமோ தடைப்பட்டால் ஆயிரம் பேர் உடனே முறையிடுவர். ஆனால் தொலைவிலுள்ள ஒரு சிற்றூரில் கணிதப் பாடம் பார்க்கும் மாணவன், தன் வீட்டுப் பெட்டியில்தான் கோளாறு என்று எண்ணி அதனை அணைத்துவிடுவான். அவன் யாருக்கும் எழுதப்போவதில்லை. ஆகவே, பிழையை ஒளிபரப்புவோரே முதலில் அறிதல் வேண்டும். இப்பணிக்குத் துணை செய்வது மல்டிவியூவர் எனப்படும் பல்காட்சிக் கருவியாகும். அதனை அமைப்பது எங்ஙனம், அமைக்குங்கால் கவனிக்க வேண்டுவன யாவை என்பன இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

கருவி செய்யும் வேலை

பல ஒளிபரப்புகளை ஒருங்கே ஏற்று, ஒவ்வொன்றையும் சிறிதாக்கி, ஒரே திரையில் கட்டம் கட்டமாக அடுக்கிக் காட்டுவதே இக்கருவியின் வேலை. எளிதாகத் தோன்றினும் இதில் மூன்று படிகள் உள்ளன.

முதலாவது, சுருக்கப்பட்டு வரும் சமிக்ஞையை விரித்துப் படமாக்குதல். இதுவே பெருஞ்சுமை. 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்ட உயர்தெளிவுப் படம் ஒன்று விரிந்த நிலையில் ஏறத்தாழ 31 லட்சம் பைட் இடம் கொள்ளும். விநாடிக்கு 25 படங்கள் வீதம் ஓர் அலைவரிசைக்கு சுமார் 7.8 கோடி பைட். பதினாறு அலைவரிசைகளுக்கு விநாடிதோறும் சுமார் 124 கோடி பைட்! கம்ப்யூட்டரை மல்டிவியூவராகப் பயன்படுத்துவோர், இவ்விரித்தல் வேலையைச் செய்யவல்ல கிராபிக்ஸ் அட்டை அதில் உள்ளதா என்று முதலில் பார்ப்பது இதனாலேயே.

இரண்டாவது, காலத்தை ஒழுங்குபடுத்துதல். ஒவ்வோர் அலைவரிசையின் படமும் தத்தம் நேரத்தில் தொடங்கி முடிகின்றது. கருவி அவற்றைத் தன் நினைவகத்தில் சிறிது நிறுத்தி வைத்து, தன் கடிகாரத்திற்கு ஏற்ப வெளியிடுகின்றது. ஒரு படத்தின் காலம் விநாடியில் 25-இல் ஒரு பங்கு, அதாவது 40 மில்லி விநாடி. ஆகவே மல்டிவியூவரில் காணும் படம் ஓரிரு படங்களின் அளவாவது பிந்தியதாகவே இருக்கும். உதட்டசைவும் குரலும் பொருந்துகின்றனவா என்பதை இத்திரையைப் பார்த்துத் தீர்மானித்தல் தகாது.

மூன்றாவது, சிறிதாக்குதல். சாதாரண உயர்தெளிவுத் திரையைப் பதினாறு கட்டங்களாகப் பிரித்தால் ஒவ்வொரு கட்டத்திற்கும் 480-க்கு 270 புள்ளிகளே கிடைக்கும். மூலப் படத்தில் உள்ள புள்ளிகளில் இது பதினாறில் ஒரு பங்கு. கரும்பலகையில் எழுதிய சமன்பாடு இதில் தெரியாது. 3840-க்கு 2160 புள்ளிகள் கொண்ட திரையாயின் ஒவ்வொரு கட்டமும் 960-க்கு 540 ஆக அமையும். எழுத்து ஓரளவு தெளியும். எத்தனை கட்டங்கள் கொள்ளும் என்று கருவியின் விற்பனைக் குறிப்பைப் பார்த்து முடிவு செய்யாமல், கட்டத்திற்குள் எதனைப் படித்தறிய வேண்டும் என்பதைக் கொண்டே எண்ணிக்கையை நிர்ணயித்தல் நன்று.

சமிக்ஞையை எடுக்கும் இடம்

மல்டிவியூவர் அமைப்போர் பெரும்பாலும் திரையின் அமைப்பிலிருந்து தொடங்குகின்றனர். உண்மையில் தொடங்க வேண்டிய இடம், சமிக்ஞை பயணம் செய்யும் பாதையாகும். நிகழ்ச்சி வெளியிடும் அறையிலிருந்து புறப்படும் படம், என்கோடரில் சுருக்கப்பட்டு, மல்டிபிளெக்சரில் மற்ற அலைவரிசைகளுடன் ஒன்றாகக் கட்டப்பட்டு, செயற்கைக்கோளுக்கு ஏற்றப்பட்டு, மீண்டும் பூமிக்கு வருகின்றது. நிலைய வெளியீட்டை மட்டும் பார்ப்பவர், தாம் அனுப்பியதைக் காண்கின்றாரேயன்றி, மாணவன் பெற்றதைக் காண்பதில்லை.

ஆகவே ஒவ்வோர் அலைவரிசைக்கும் இரு இடங்களிலிருந்தேனும் சமிக்ஞையை எடுத்து அருகருகே காட்டுதல் வேண்டும்: ஒன்று நிலைய வெளியீடு, மற்றொன்று வானிலிருந்து டிஷ் ஆன்டெனாவில் திரும்பப் பெறுவது. வசதி உள்ள இடங்களில் மல்டிபிளெக்சரின் வெளியீட்டையும் சேர்க்கலாம். நிலையத்துப் படம் நன்றாயிருந்து, மல்டிபிளெக்சர் படம் கெட்டிருந்தால் குறை என்கோடர் பகுதியில் உள்ளது. அவ்விரண்டும் நன்றாயிருந்து, வானிலிருந்து வருவது மட்டும் கெட்டிருந்தால் ஏற்றும் நிலையத்தையோ, செயற்கைக்கோளையோ, நம் ஆன்டெனாவையோ ஆராய வேண்டும்.

வானிலிருந்து திரும்பும் படம் எப்போதும் பின்தங்கியே வரும். செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. ஏறி இறங்கும் தொலைவு 72,000 கிலோமீட்டர். இதற்கு ஏறத்தாழ கால் விநாடி பிடிக்கும். சுருக்குதலும் கட்டுதலும் மேலும் சில விநாடிகளைச் சேர்க்கும். இத்தாமதம் குறையன்று. ஆனால் வழக்கமான தாமதம் எவ்வளவு என்று ஒருமுறை அளந்து குறித்து வைத்தல் அவசியம். அது திடீரென மாறினால் பாதையில் ஏதோ மாறியுள்ளது என்று பொருள்.

மழையையும் மறத்தலாகாது. நேரடியாக வீடுகளுக்கு வரும் ஒளிபரப்புகள் கே.யு. என்னும் உயர் அலைவரிசைப் பட்டையில் அமைந்தவை. கனமழை இவ்வலைகளை உறிஞ்சிக்கொள்ளும். கண்காணிப்பு அறையின் மேல் மழை பெய்யும்போது திரை இருண்டால், நாடு முழுவதும் ஒளிபரப்பு நின்றதாகக் கொள்ளுதல் தவறு. வேறொரு வானிலைப் பகுதியிலுள்ள நிலையம் ஒன்றில் பெறும் படத்தையும் கம்பி வழியாக வரவழைத்து ஒரு கட்டத்தில் வைத்தால் இவ்வையம் நீங்கும். இவ்வாறே, பிப்ரவரி இறுதி முதல் மார்ச் வரையிலும், செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர் வரையிலும் சில நாட்கள் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருவதால் சில நிமிஷங்கள் வரவேற்பு கெடும். அந்நேரம் முன்கூட்டியே கணக்கிடத் தக்கது. அதனைச் சுவரில் எழுதித் தொங்கவிடலாம்.

கட்டங்களின் வரிசை

கட்டங்களை அலைவரிசை எண் வரிசையில் அடுக்குவது இயல்பாகத் தோன்றும். ஆயினும் ஒரே டிரான்ஸ்பாண்டரில் செல்லும் அலைவரிசைகளை ஒரே வரிசையில் சேர்த்து வைப்பதே சிறந்தது. அப்பொழுது பிழையின் வடிவமே அதன் காரணத்தைக் கூறிவிடும். ஒரு கட்டம் மட்டும் இருண்டால் அவ்வலைவரிசையில் குறை. ஒரு வரிசை முழுவதும் இருண்டால் அந்த டிரான்ஸ்பாண்டரின் பாதையில் குறை. வானிலிருந்து வரும் கட்டங்கள் யாவும் ஒருங்கே இருண்டால் பெரும்பாலும் நம் ஆன்டெனாவிலோ ரிசீவரிலோ குறை. புதிதாகப் பணிக்கு வந்தவரும் இதனை ஒரு பார்வையில் உணர்வார்.

ஒருமுறை வகுத்த இடத்தை மாற்றாதிருத்தல் வேண்டும். கண் பழகிய இடத்தில் பழகிய அலைவரிசை இருப்பது பணியாளருக்குப் பெரிய உதவியாகும்.

ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் பெயர்ப் பட்டை ஒன்று வேண்டும். அதில் அலைவரிசையின் பெயரும், சமிக்ஞை எடுக்கப்பட்ட இடமும் காணப்பட வேண்டும். பெயரை இந்திய மொழிகளில் இடுவதாயின், கருவி கூட்டெழுத்துகளையும் கொம்புகளையும் சரியாக இணைத்துக் காட்டுகின்றதா என்று பார்க்க வேண்டும். சில கருவிகளில் ‘கொ’ என்பதன் கொம்பு தனியே விலகி நிற்கும். பட்டையிலுள்ள பெயர், கேபிள் செருகிய துளையைப் பொறுத்ததாக இருப்பின் இன்னோர் ஆபத்து உண்டு. யாரேனும் இரு கேபிள்களை மாற்றிச் செருகினால் பட்டை பொய் சொல்லும். ஆகவே சமிக்ஞையினுள் பொதிந்து வரும் அலைவரிசைப் பெயரையே கருவி படித்துக் காட்டுமாறு அமைத்தல் பாதுகாப்பானது.

திரையின் ஒரு மூலையில் கடிகாரம் இருத்தல் வேண்டும். இந்தியத் திட்ட நேரத்தைப் பேணிக் காக்கும் புதுதில்லி தேசிய பௌதிக ஆய்வகம், அந்நேரத்தைக் கம்ப்யூட்டர் வலையின் வழியாகவும் வழங்குகின்றது. மல்டிவியூவர், நிகழ்ச்சி வெளியிடும் கருவி, குறிப்பேடு ஆகிய மூன்றும் ஒரே நேரத்தைப் பின்பற்றினாலன்றி, எப்பிழை முன், எது பின் என்று பின்னர் ஆராய இயலாது.

இணைப்பு வேலைகள்

நிலையத்தினுள் படம் பெரும்பாலும் எஸ்.டி.ஐ. என்னும் கேபிளில் வருகின்றது. உயர்தெளிவுப் படத்திற்கு இதன் வேகம் விநாடிக்கு 1.485 கிகாபிட். கேபிளும் முனைகளும் 75 ஓம் தடையுடையனவாக இருத்தல் கட்டாயம். உருவத்தில் ஒத்த 50 ஓம் முனைகளைத் தவறுதலாகப் பொருத்தினால், குட்டையான கேபிளில் படம் வந்துவிடும். நீண்ட கேபிளில் இடையிடையே மின்னி மறையும். காரணம் காண்பதற்குக் கடினமான குறைகளில் இதுவும் ஒன்று.

கம்ப்யூட்டர் வலையின் வழி வரும் சமிக்ஞைகள், 188 பைட் நீளமுள்ள சிறு பொட்டலங்களாக வருகின்றன. ஏழு பொட்டலங்களை ஒன்றாக்கி, 1,316 பைட் கொண்ட ஒரே தபாலாக அனுப்புவது வழக்கம். இவை பலருக்கும் ஒருங்கே செல்லும் மல்டிகாஸ்ட் முறையில் அனுப்பப்படுவதால், வலையிலுள்ள ஸ்விட்ச், கேட்டவர்க்கு மட்டும் கொடுக்கும் திறன் பெற்றிருக்க வேண்டும். ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங் எனப்படும் அவ்வசதி இயக்கப்படாவிடில், எல்லா அலைவரிசைகளும் எல்லா வாயில்களிலும் பெருகி வழிந்து, அலுவலகத்தின் மற்ற கம்ப்யூட்டர்களையும் முடக்கிவிடும். கண்காணிப்புக்கென்று தனி ஸ்விட்ச் வைப்பதே நன்று.

காட்சித் திரையாக வீட்டு டெலிவிஷனைப் பயன்படுத்தினால், படத்தின் ஓரங்களைச் சிறிது வெட்டிப் பெரிதாக்கும் அதன் வழக்கத்தை நிறுத்த வேண்டும். இல்லையேல் ஓரக் கட்டங்களின் பெயர்ப் பட்டைகள் மறைந்துபோகும். மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தானே அணையும் வசதியையும் நிறுத்துதல் அவசியம்.

எச்சரிக்கையின் இன்றியமையாமை

பதினாறு கட்டங்களையும் ஒருவர் விழிப்புடன் பார்த்துக்கொண்டே இருப்பார் என்று எண்ணுவது சரியன்று. ராடார் திரையைக் காவல் காப்போரின் கவனத்தை ஆராய்ந்த நார்மன் மாக்வொர்த் என்னும் பிரிட்டிஷ் உளவியலறிஞர், அரை மணி நேரத்திற்குள்ளாகவே கண்டறியும் திறன் குறையத் தொடங்குகின்றது என்று 1948-ஆம் ஆண்டில் காட்டினார். இது சோம்பலன்று, மனித மூளையின் இயல்பு. ஆகவே திரையைக் கருவி காவல் காக்க, கருவி சுட்டிய கட்டத்தை மனிதர் ஆராய்வதே தக்க வேலைப் பிரிவினையாகும்.

இருண்ட படம், நின்ற படம், ஒலியின்மை ஆகிய மூன்றையும் மல்டிவியூவர்கள் தாமே கண்டறியும். எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவச மென்பொருளிலும் இம்மூன்றுக்கும் தனித்தனிப் பகுதிகள் உள்ளன. இவற்றில் இயல்பாக வைக்கப்பட்டுள்ள கால வரம்பு இரண்டு விநாடி. ஆயின் பாட ஒளிபரப்புக்கு இது பொருந்தாது. ஆசிரியர் ஒரு வரைபடத்தைத் திரையில் நிறுத்தி இரண்டு நிமிஷம் விளக்குவார். பரிசோதனையின்போது பேசாமல் நிற்பார். இரண்டு விநாடி வரம்பு வைத்தால் நாள் முழுவதும் மணி அடித்துக்கொண்டேயிருக்கும். பொய் மணி பெருகிய அறையில் முதலில் நடப்பது யாதெனில், யாரேனும் ஒருவர் மணியை அணைத்துவிடுவார். அதன் பின் உண்மைப் பிழையும் ஒலியின்றியே கடந்துபோகும்.

ஆகவே அலைவரிசையின் தன்மைக்கேற்ப வரம்பை வகுக்க வேண்டும். படம் நின்றும் ஒலி இல்லாமலும் இருந்தால், அது ஐயத்திற்கிடமின்றிப் பிழை. பத்து விநாடியிலேயே மணி அடிக்கலாம். படம் நின்று குரல் மட்டும் வந்தால் விளக்கப்படமாக இருக்கக்கூடும். மூன்று நிமிஷம் பொறுக்கலாம். படம் அசைந்து ஒலி மட்டும் இல்லையெனில் முப்பது விநாடி பொறுக்கலாம். இவற்றைத் தொடக்க அளவுகளாகக் கொண்டு, ஒரு வாரக் குறிப்புகளைப் பார்த்துத் திருத்திக்கொள்க.

2024 டிசம்பரில் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழிக்குரிய பி.எம். ஈ-வித்யா அலைவரிசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சைகை மொழிப் பாடத்தில் ஒலியின்மையைப் பிழையெனக் கொள்வதில் பயனில்லை. கைகளின் அசைவே அங்கு மொழி. படம் ஐந்து விநாடி நின்றாலும் வாக்கியம் அறுந்துவிடும். எனவே அங்கு ஒலி எச்சரிக்கையைத் தளர்த்தி, நின்ற படத்தின் வரம்பை மிகக் குறைத்து வைத்தல் வேண்டும். எல்லா அலைவரிசைகளுக்கும் ஒரே வரம்பை இட்டால், செவித்திறன் குறைந்த மாணவர்களுக்குரிய பாடமே காவலின்றி நிற்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. படத்தின் மூலையில் அசையும் முத்திரையோ, ஓடும் எழுத்துக்களோ பின்னால் சேர்க்கப்பட்டிருந்தால், பாடம் நின்றுபோன பின்பும் அவை அசைந்துகொண்டிருக்கும், கருவி ஏமாந்துவிடும். அப்பகுதியை விலக்கி, படத்தின் நடுப்பகுதியை மட்டும் ஆராயுமாறு அமைத்தல் வேண்டும்.

படம் கெடுவதற்கு முன்பே அறிவிக்கும் எச்சரிக்கைகளும் உள்ளன. ஒவ்வொரு வகைப் பொட்டலத்திற்கும் 0 முதல் 15 வரை சுழலும் வரிசை எண் உண்டு. ஏழுக்குப் பின் ஒன்பது வந்தால் ஒரு பொட்டலம் தொலைந்தது என்பது உறுதி. என்னென்ன அலைவரிசைகள் உள்ளன என்று கூறும் அட்டவணை அரை விநாடிக்கு ஒருமுறையேனும் வர வேண்டும். டி.ஆர். 101 290 என்னும் ஐரோப்பிய அளவீட்டுக் குறிப்பு இத்தகைய பிழைகளை மூன்று தரங்களாகப் பிரிக்கின்றது. அவற்றுள் முதல் தரத்தவற்றையேனும் மணியுடன் இணைத்தல் நலம்.

ஒலியைக் கவனித்தல்

ஒவ்வொரு கட்டத்திலும் ஒலியளவைக் காட்டும் கோடு ஒன்று ஏறி இறங்கும். கோடு அசைகின்றது என்பதால் பாடம் கேட்கின்றது என்று கொள்ளலாகாது. வெறும் இரைச்சலும் கோட்டை அசைக்கும். தமிழ்ப் பாடத்தில் இந்திக் குரல் சேர்ந்து வந்தாலும் கோடு அசையும். ஆகவே பணியாளர் ஒவ்வோர் அலைவரிசையையும் பத்து விநாடி வீதம் முறையாகக் காதால் கேட்டு வருதல் வேண்டும். பதினாறையும் கேட்டு முடிக்க மூன்று நிமிஷத்திற்கும் குறைவாகவே ஆகும். மணிக்கு ஒருமுறை இதனைச் செய்வது பெரும் பாரமன்று.

பரிசோதனையும் குறிப்பேடும்

அமைத்து முடித்தபின், பிழைகளை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்த்தல் வேண்டும். ஒளிபரப்புக்குச் செல்லாத சோதனைப் பாதையில் ஒரு கேபிளைப் பிடுங்குக, கறுப்புப் படத்தை அனுப்புக, ஒலியை நிறுத்துக, நின்ற படத்தை அனுப்புக. ஒவ்வொரு முறையும் உரிய கட்டம் சிவந்ததா, மணி எத்தனை விநாடியில் ஒலித்தது, குறிப்பேட்டில் பதிவாயிற்றா என்று எழுதி வைக்க. மாதம் ஒருமுறை இதனை மீண்டும் செய்தல் நலம்.

குறிப்பேட்டின் பயன் கல்வி ஒளிபரப்பில் இரட்டிப்பாகும். சுவயம் பிரபாவின் திட்டப்படி, நாள்தோறும் நான்கு மணி நேரப் புதிய பாடங்கள் மேலும் ஐந்து முறை மறு ஒளிபரப்பாகின்றன. வழியில் ஏற்பட்ட தடையால் ஒரு பாடம் கெட்டிருந்தால், மாணவன் அதனை மறு ஒளிபரப்பில் கண்டுகொள்ளலாம். ஆனால் பதிவு செய்த பாடத்திலேயே குறை இருந்தால், அக்குறை ஆறு முறையும் வரும். முதல் முறையிலேயே குறித்து, பதிவைத் திருத்தினால் மற்ற ஐந்தும் பிழைக்கும்.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் செய்யக்கூடுவது

மாவட்டப் பயிற்சி நிலையங்களிலும் பள்ளிகளிலும் பெரிய கருவி தேவையில்லை. சாதாரண கம்ப்யூட்டர் ஒன்றும், செயற்கைக்கோள் வரவேற்பு அட்டையும், மேற்கூறிய இலவச மென்பொருளும் கொண்டு, நான்கு அலைவரிசைகளை ஒரே திரையில் காணலாம். தத்தம் மாவட்டத்துப் பள்ளிகளில் மிகுதியும் பயன்படும் நான்கினைத் தேர்ந்துகொள்க.

அக்கருவியும் இல்லாத இடத்தில், தெளிவான முறையீடு ஒன்றே பேருதவியாகும். “டி.வி. வரவில்லை” என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. அலைவரிசையின் பெயர், தேதியும், நிமிஷம் வரையிலான நேரமும், கெட்டது படமா, ஒலியா, இரண்டுமா, அதே டிஷ்ஷில் மற்ற அலைவரிசைகள் நன்றாக வந்தனவா, அப்போது மழை பெய்ததா: இவ்வைந்தையும் குறித்து அனுப்பினால், கண்காணிப்பு அறையினர் தம் குறிப்பேட்டுடன் ஒப்பிட்டு, குறை எங்கிருந்தது என்று கண்டுகொள்வர். அவ்வறையில் கட்டங்கள் எத்தனை இருப்பினும், ஒவ்வொரு வகுப்பறையையும் அவர்கள் காண இயலாது. வகுப்பறையில் படம் தெளிவாயிருந்ததா, குரல் கேட்டதா என்பதை அறிந்து சொல்லக்கூடியவர் அங்கு நிற்கும் ஆசிரியரேயாவார்.